நீராற்பகுப்பு: தண்ணீர் பிணைப்பை உடைக்கும் விதமும் நொதியின் வேலையும்

குழந்தைகளுக்கான சில ஆன்டிபயாடிக் சிரப்புகளை மருந்துக்கடையில் பொடியாகவே தருவார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைப் புட்டியில் உள்ள கோடுவரை ஊற்றிக் குலுக்க வேண்டும். அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த சிரப் என்றால், கலந்தபின் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பொடியாக மாதக்கணக்கில் கெடாமல் இருந்த மருந்து, தண்ணீர் பட்டதும் ஏன் ஒரு வாரத்தில் வலுவிழக்கிறது? கிருமி புகுந்துவிடும் என்பதல்ல முக்கியக் காரணம். தண்ணீரே அந்த மருந்தின் மூலக்கூறை உடைக்கிறது.

இந்த உடைப்புக்குத்தான் நீராற்பகுப்பு என்று பெயர். நீரால் பகுத்தல் என்பதே பொருள். இலங்கைப் பாடநூல்கள் இதை நீர்ப்பகுப்பு என்றும், நொதியை நொதியம் என்றும் எழுதும். நடப்பது இதுதான்: ஒரு பெரிய மூலக்கூறில் ஒரு பிணைப்பு அறுகிறது. அறுந்த இடத்தில் ஒரு துண்டு தண்ணீரின் ஹைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது, மற்றத் துண்டு மீதமுள்ள ஹைட்ராக்சிலை, அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடியை, எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் இங்கே வெறும் கரைப்பான் அல்ல. அதுவும் வினையில் செலவாகிறது.

செலவாவதை எடைக் கணக்கிலேயே பார்க்கலாம். நாம் காப்பியில் போடும் சர்க்கரை சுக்ரோஸ். அதன் மூலக்கூறு எடை 342. தண்ணீரின் எடை 18. இரண்டும் சேர்ந்தால் 360. சுக்ரோஸ் உடைந்து வரும் குளுக்கோஸும் பிரக்டோஸும் தலைக்கு 180. கணக்கு சரியாகிறது. ஸ்டார்ச் என்னும் மாவுச்சத்திலும் இப்படியே. சங்கிலியில் கோக்கப்பட்ட ஒவ்வொரு குளுக்கோஸ் கண்ணியின் எடையும் 162. உடையும்போது 18 சேர்ந்து 180 ஆகிறது. அதனால் 100 கிராம் தூய உலர் ஸ்டார்ச் முழுவதும் உடைந்தால் சுமார் 111 கிராம் குளுக்கோஸ் கிடைக்கும். கூடுதல் 11 கிராமும் தண்ணீரிலிருந்து வந்ததுதான்.

தொடக்கத்திலேயே இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கொள்வது நல்லது. முதலாவது, கரைவது வேறு, நீராற்பகுப்பு வேறு. சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, தண்ணீரை மெல்ல ஆவியாக்கினால் அதே சர்க்கரை திரும்பக் கிடைக்கும். எந்தப் பிணைப்பும் உடையவில்லை. நீராற்பகுப்பு நடந்திருந்தால் அப்படித் திரும்பக் கிடைக்காது. இரண்டாவது குழப்பம் தமிழில் படிப்பவர்களுக்கே உரியது. நொதி, நொதித்தல் என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். நொதி என்பது ஒரு வினையூக்கி, பெரும்பாலும் புரதம். நொதித்தல் என்பது ஈஸ்ட், பாக்டீரியா போன்றவை சர்க்கரையைச் சாராயமாகவோ அமிலமாகவோ மாற்றும் நீண்ட செயல்முறை. அதில் பல நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன, நீராற்பகுப்பு அவற்றில் ஒருசில படிகள் மட்டுமே.

எல்லாப் பிணைப்பையும் தண்ணீர் உடைத்துவிடாது. கார்பனும் கார்பனும் நேராகப் பிணைந்த இடத்தில் அதற்கு அநேகமாக வேலையில்லை. பாலித்தீன் பை மண்ணில் அழியாமல் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக்சிஜனோ நைட்ரஜனோ இடையில் பாலமாக நிற்கும் இடங்களே தண்ணீரின் இலக்கு. எண்ணெயிலும் ஆஸ்பிரினிலும் உள்ள எஸ்டர் பிணைப்பு, புரதத்தின் பெப்டைடு பிணைப்பு, ஸ்டார்ச்சிலும் சர்க்கரையிலும் உள்ள கிளைகோசைடு பிணைப்பு, உடலுக்கு ஆற்றல் தரும் ஏடிபியின் பாஸ்பேட் பிணைப்பு ஆகியவை இந்த வகை. ஈரமான அலமாரியில் நாளான ஆஸ்பிரின் புட்டியைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். எஸ்டர் பிணைப்பு அறுந்து அசிட்டிக் அமிலம் வெளிவந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. அந்த மாத்திரையைப் போடாமல் எறிந்துவிட வேண்டும்.

தண்ணீர் இத்தனை பிணைப்புகளை உடைக்கும் என்றால், ஏறக்குறைய 60 சதவீதம் தண்ணீரால் ஆன நம் உடல் ஏன் கரைந்துபோகவில்லை? வேகம்தான் விடை. ஆற்றல் கணக்குப்படி புரதம் உடைவதே இயல்பான திசை. ஆனால் உடைவதற்குமுன் ஒரு மேட்டை ஏறிக் கடக்க வேண்டும். அந்த மேட்டுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயர். அமிலமோ காரமோ நொதியோ இல்லாத தண்ணீரில், அறை வெப்பத்தில், ஒரு பெப்டைடு பிணைப்பு தானாக அறுவதற்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். சுக்ரோஸின் பிணைப்பும் அப்படித்தான். நொதி இந்த மேட்டின் உயரத்தைக் குறைக்கிறது. வினை எந்தத் திசையில் போகும், எங்கே போய் நிற்கும் என்பதை அது மாற்றுவதில்லை. எவ்வளவு விரைவில், எந்தப் பிணைப்பில் என்ற இரண்டை மட்டுமே தீர்மானிக்கிறது. உயிர் வாழ்வதற்கு இந்த இரண்டும் போதும்.

நொதி இல்லாமலும் மேட்டைத் தாண்டலாம். 1811இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்ச்சாஃப் என்ற வேதியியலர் ஸ்டார்ச்சை நீர்த்த கந்தக அமிலத்துடன் கொதிக்கவைத்து இனிப்பான பாகு எடுத்தார். அமிலம் செலவாகாமல் அப்படியே மிஞ்சியது. காரமும் உடைக்கும். சோப்பு செய்வது அதுதான். 100 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 18 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். இங்கே காரம் வினையூக்கி மட்டும் அல்ல, அதுவும் தீர்ந்துபோகிறது. உடைந்து வரும் கொழுப்பு அமிலத்தை உப்பாகப் பிடித்துக்கொள்வதால் வினை திரும்பிப் போக வழியில்லை. ஆனால் அமிலமும் காரமும் கண்மூடித்தனமாக வெட்டுபவை. கொதிக்கும் சூடும் கேட்கும், பக்கத்தில் உள்ள மற்ற மூலக்கூறுகளையும் கெடுக்கும். நொதியோ 37 டிகிரி செல்சியஸில், தனக்கு உரிய பிணைப்பை மட்டும் வெட்டும்.

அந்தத் துல்லியத்துக்கு ஓர் உதாரணம். அரிசியின் ஸ்டார்ச்சும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆன சங்கிலிகள்தான். கண்ணிகள் சேரும் கோணம் மட்டும் வேறு. ஒன்றில் ஆல்பா பிணைப்பு, மற்றதில் பீட்டா பிணைப்பு. நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நொதி ஆல்பாவை வெட்டும், பீட்டாவைத் தொடாது. மாட்டுக்கும் பீட்டாவை வெட்டும் நொதி சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்துகொடுக்கின்றன.

அமைலேஸை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அரை மணி நேரம் போதும். ஒரு கிராம் சோள மாவை, அதாவது கடையில் கார்ன்ஃப்ளோர் என்று விற்கும் வெள்ளை மாவை, இரண்டு ஸ்பூன் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி கொதிக்கும் தண்ணீரில் அதை ஊற்றி இரண்டு நிமிடம் கிளறுங்கள். பச்சை மாவில் ஸ்டார்ச் இறுகிய மணிகளாக இருக்கும், வெந்து விரிந்தால்தான் நொதி உள்ளே நுழையும். பிறகு நன்றாக ஆறவிடுங்கள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, 10 மில்லி தண்ணீரை வாயில் அரை நிமிடம் வைத்திருந்து ஒரு டம்ளரில் துப்பினால் அதுவே நொதிக் கரைசல். ஆர்ஓ தண்ணீரோ காய்ச்சி வடித்த நீரோ பயன்படுத்தினால் சிட்டிகை உப்பு சேருங்கள். உமிழ்நீர் அமைலேஸ் முழு வேகத்தில் இயங்கக் குளோரைடு வேண்டும்.

மூன்று கிண்ணங்களில் தலைக்கு 5 மில்லி ஸ்டார்ச் கரைசல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்தில் 1 மில்லி உமிழ்நீர்க் கரைசல். இரண்டாவதில், ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய அதே கரைசல் 1 மில்லி. மூன்றாவதில் 1 மில்லி வினிகரை முதலில் கலந்து, பிறகு 1 மில்லி உமிழ்நீர்க் கரைசல். மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள தட்டில் நிறுத்துங்கள். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீர்த்து, வெள்ளைத் தட்டில் சொட்டுச் சொட்டாக வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து ஒரு அயோடின் சொட்டில் சேர்க்க வேண்டும்.

முதல் கிண்ணத்தின் நிறம் கருநீலத்தில் தொடங்கி ஊதாவாகி, செம்பழுப்பாகி, கடைசியில் அயோடினின் மஞ்சள் மட்டும் மிஞ்சும். நீண்ட சங்கிலிச் சுருளுக்குள் அயோடின் புகுந்தால் நீலம், சங்கிலி சிறுத்தால் சிவப்பு, இன்னும் சிறுத்தால் நிறமே இல்லை. பலருக்கு ஐந்து முதல் பத்து நிமிடத்தில் இது முடிந்துவிடும். உமிழ்நீரில் அமைலேஸ் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இன்னும் தாமதமானாலும் தவறில்லை. மற்ற இரண்டு கிண்ணங்களும் கருநீலத்திலேயே நிற்கும். கொதித்ததில் நொதியின் மடிப்பு குலைந்துவிட்டது. நொதி செத்துவிட்டது என்று சொல்வது வழக்கம், ஆனால் அது உயிருள்ள பொருள் அல்ல. தன் வடிவத்தை இழந்த புரதம், வெந்த முட்டை வெள்ளைக்கருவைப் போல. வினிகரில் அமிலத் தன்மைதான் பிரச்சினை. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் எண் பிஎச், அது குறையக் குறைய அமிலம் கூடும். இந்த அமைலேஸுக்கு உகந்த பிஎச் நடுநிலையான 7ஐ ஒட்டியது. சோறு இரைப்பையின் அமிலத்தில் ஊறியதும் அமைலேஸின் வேலை நின்றுபோவதும், பிறகு சிறுகுடலில் கணையத்தின் அமைலேஸ் அதைத் தொடர்வதும் இதனால்தான்.

இந்தச் சோதனையில் பிழை நேரும் இடங்கள் ஒருசில உண்டு. ஸ்டார்ச் ஆறுவதற்குமுன் உமிழ்நீரை ஊற்றினால் முதல் கிண்ணமும் வேலை செய்யாது. சூடான கரைசலில் அயோடின் சேர்த்தால் ஸ்டார்ச் இருந்தாலும் நீலம் தெரியாது, ஆறினால்தான் தெரியும். கரைசல் கஞ்சிபோலக் கெட்டியாக இருந்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் நீலம் மறையாது. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது எலுமிச்சைச் சாறு. வினிகர் இல்லையே என்று எலுமிச்சை பிழிந்தால், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினையே நிறமற்ற அயோடைடாக மாற்றிவிடும். ஸ்டார்ச் முழுதாக இருக்கும்போதே நீலம் காணாமல் போகும், நொதி அமிலத்தில் பிரமாதமாக வேலை செய்கிறது என்ற தலைகீழ் முடிவுக்கு வந்துவிடுவோம். இன்னொன்று: நீலம் மறைந்தது ஸ்டார்ச் போய்விட்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. சர்க்கரை வந்திருக்கிறது என்று காட்ட பெனடிக்ட் கரைசலில் சூடாக்கிச் செங்கல் நிறம் பார்க்க வேண்டும். அங்கே வருவது குளுக்கோஸைவிட, இரண்டு குளுக்கோஸ் சேர்ந்த மால்டோஸ்தான் அதிகம்.

இதே வினையைத் தொழிற்சாலையில் இரண்டு நொதிகளைக் கொண்டு செய்கிறார்கள். மரவள்ளி ஸ்டார்ச்சுக்குப் பேர்போன சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசி போடுபவர்களுக்கு அந்த மாவைக் குளுக்கோஸாக்கலாம் என்பது தெரிந்திருக்கும். முதலில் வெப்பம் தாங்கும் பாக்டீரிய ஆல்பா அமைலேஸை 100 டிகிரியை ஒட்டிய சூட்டில், பிஎச் 6 அளவில் சேர்ப்பார்கள். அது சங்கிலியை நடுநடுவே கண்ட இடத்தில் வெட்டுவதால் கூழ் சட்டென்று நீர்த்துப்போகும். பிறகு 60 டிகிரிக்கு ஆறவிட்டு, பிஎச்சை 4.5 அளவுக்கு இறக்கி, பூஞ்சையிலிருந்து எடுத்த குளுக்கோஅமைலேஸைச் சேர்ப்பார்கள். அது சங்கிலியின் நுனியிலிருந்து ஒவ்வொரு குளுக்கோஸாகக் கழற்றும். இதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி, சாதாரண மாவுக் கஞ்சியைவிட நீர்த்து இருப்பதற்கும் காரணம் முளையில் உருவான அமைலேஸ்தான். அதனால் குழந்தைக்கு அதே பதத்தில் கூடுதல் மாவு சேர்த்துக் கொடுக்க முடிகிறது.

கரும்பில் நிலைமை நேர்மாறு. அங்கே நீராற்பகுப்பு நடக்கவே கூடாது. வெட்டிய கரும்பிலும் இன்வெர்டேஸ் நொதி ஓய்வதில்லை, சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துக்கொண்டே இருக்கும். வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு கூடும். வெட்டுவாயில் நுழையும் பாக்டீரியாக்கள் இன்னும் கெடுக்கும். வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போகவேண்டும் என்று சொல்வது இதற்காகவே. சாறு பிழிந்த பிறகும் ஆபத்து நீங்கவில்லை. கரும்புச்சாற்றின் பிஎச் 5ஐச் சற்றுத் தாண்டியிருக்கும். அந்த அமிலமும் கொப்பரையின் சூடும் சேர்ந்தால் நொதி இல்லாமலே சுக்ரோஸ் உடையும். வெல்லம் காய்ச்சுபவர்கள் அளவாகச் சுண்ணாம்பு நீர் சேர்ப்பது அழுக்கைத் திரட்ட மட்டும் அல்ல, அமிலத்தைக் குறைத்து இந்த உடைப்பைத் தடுக்கவும்தான். சுண்ணாம்பு போதாவிட்டால் வெல்லம் இறுகாமல் பிசுபிசுக்கும். கூடிவிட்டால் நிறம் கறுக்கும்.

தவிட்டிலும் இதே கதைதான், ஆனால் இன்னும் வேகமாக. நெல் முழுதாக இருக்கும்வரை அதன் எண்ணெயும், எண்ணெயை உடைக்கும் லைபேஸ் நொதியும் தனித்தனி அடுக்குகளில் இருக்கின்றன. ஆலையில் தீட்டும்போது இரண்டும் கலந்துவிடும். சில மணி நேரத்திலேயே கொழுப்பு அமிலங்கள் பிரியத் தொடங்கி, சில நாளில் எண்ணெய் சமையலுக்கு ஆகாமல் சோப்புக்குத்தான் ஆகும் என்ற நிலை வரும். தீட்டிய கையோடு தவிட்டை நீராவியில் சூடாக்கி நொதியின் வடிவத்தைக் குலைப்பதே வழி.

அடுப்படியில் புரதம் உடைக்கும் நொதிகளை நாம் வெகுகாலமாகப் பயன்படுத்துகிறோம். ஆட்டுக்கறி வேக மறுத்தால் பச்சைப் பப்பாளித் துண்டு போடுவோம். அதன் பாலில் உள்ள பப்பேன் 60 டிகிரிக்கு மேலும் தாக்குப்பிடிப்பதால் கறி சூடாகிவரும் நேரத்தில்தான் அதிகம் வேலை செய்கிறது. இரவு முழுக்க ஊறப்போட்டால் மேற்பகுதி கூழாகும், உள்ளே அப்படியே இருக்கும். பச்சை அன்னாசியை ஜெலட்டின் ஜெல்லியில் போட்டால் ஜெல்லி உறையாது. அன்னாசியின் புரோமெலின் ஜெலட்டின் என்னும் புரதத்தை வெட்டிவிடுகிறது. டின்னில் அடைத்த அன்னாசி சூடாக்கப்பட்டது என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை. கடல்பாசியில் செய்த ஜெல்லியில் பச்சை அன்னாசியே போடலாம். கடல்பாசி புரதம் அல்ல, மாவுப்பொருள் வகை, புரோமெலினுக்கு அதில் வெட்ட எதுவும் இல்லை.

நொதி எப்படி வெட்டுகிறது என்று ஓரளவாவது தெரிந்துகொண்டால், தொடக்கத்தில் சொன்ன சிரப்பின் கதை முழுவதும் புரியும். சிறுகுடலில் புரதத்தைச் செரிக்கும் கைமோடிரிப்சினை எடுத்துக்கொள்வோம். அதன் குழிவில் செரின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, சங்கிலியில் 195ஆவது. பக்கத்தில் இருக்கும் ஹிஸ்டிடினும் அஸ்பார்டேட்டும் அதன் ஆக்சிஜனைத் தாக்குதலுக்குத் தயாராக்குகின்றன. முதல் படியில் செரின் புரதத்தின் பிணைப்பைத் தாக்கும். ஒரு பாதி கழன்று போகும், மறு பாதி செரினோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது படியில்தான் தண்ணீர் வருகிறது. ஒட்டிய பாதியை அது விடுவிக்க, நொதி பழையபடி அடுத்த வேலைக்குத் தயாராகிறது. அந்த இரண்டாவது படி நடக்குமா என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது.

பென்சிலின் குடும்ப மருந்துகள், அமாக்ஸிசிலினும்தான், பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் நொதியில் உள்ள ஒரு செரினோடு ஒட்டிக்கொள்கின்றன. தண்ணீரால் அவற்றை எளிதில் விடுவிக்க முடிவதில்லை. சுவர் கட்டும் வேலை நின்று பாக்டீரியா அழிகிறது. ஆனால் சில பாக்டீரியாக்களிடம் பீட்டா லாக்டமேஸ் என்ற நொதி இருக்கிறது. அதை 1940இலேயே ஆபிரகாமும் செயினும் கண்டு எழுதினார்கள். அதுவும் மருந்தின் நாற்கோண வளையத்தைப் பிடிக்கும், ஆனால் இங்கே தண்ணீர் விரைந்து வந்து விடுவித்துவிடும். வளையம் உடைந்த மருந்து பயனற்றது. புட்டிக்குள் தண்ணீர் பல நாளில் மெல்லச் செய்யும் அதே உடைப்பை இந்த நொதி கண்ணிமைக்கும் நேரத்தில் செய்கிறது. கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்ப்பது அந்த நொதியை அடைக்கத்தான். அது பீட்டா லாக்டமேஸின் செரினில் ஒட்டிக்கொண்டு விடாமல் நிற்கும்.

தண்ணீர் வந்து விடுவிக்கும் இதே இரண்டாவது படி நடக்காமல் போவது வயல்காட்டில் உயிருக்கு ஆபத்தாகவும் முடிகிறது. நரம்பு தசைக்குச் செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துத் துப்புரவு செய்வது அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதி. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் இந்த நொதியின் செரினில் பாஸ்பேட் துண்டு ஒன்றை ஒட்டிவிடுகின்றன. தண்ணீரால் அதைக் கழற்ற மிக நீண்ட நேரம் ஆகும். அதற்குள் அசிட்டைல்கோலின் தேங்கி, எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், கடைசியில் மூச்சு முட்டும். மருந்து தெளித்தவருக்கு இவற்றில் எது தெரிந்தாலும் நனைந்த உடையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்து டப்பாவோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே அட்ரோபின் கொடுத்து அசிட்டைல்கோலினின் விளைவைத் தடுப்பார்கள். பிராலிடாக்ஸிம் என்ற மருந்தால் அந்தப் பாஸ்பேட்டைச் செரினிலிருந்து பிடுங்க முடியும். ஆனால் நேரம் கடந்தால் பாஸ்பேட்டின் ஒரு பகுதி உதிர்ந்து, மிச்சம் செரினில் இறுகிவிடும். அதன்பிறகு பிராலிடாக்ஸிமாலும் அதைக் கழற்ற முடியாது. உடல் புதிதாக நொதியைச் செய்துகொள்ளும்வரை, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ காத்திருக்க வேண்டியதுதான்.